படகு வரைஞ்சாச்சு, மிதக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். எனக்கு காவேரிப்பட்டணம் பக்கம், டிப்ளமோ மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம் படிக்கறேன். கே.ஆர்.பி. டேமைப் பாத்தே வளந்தவன், சொந்தமா ஒரு சின்ன படகு செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை. ஃப்ரீஷிப் சாஃப்ட்வேர்ல மூணு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், தட்டை அடின்னு ஒண்ணு வரைஞ்சேன், பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எடை 420 கிலோன்னு காட்டுது, மூணு பிளைவுட் ஷீட்ல செய்யற படகு எப்படிண்ணா அவ்ளோ வரும்? முன்பக்கம் வேற சிவப்பா காட்டுது. எங்க தப்பு பண்றேன்?

பதில்: தம்பி, அந்த 420 கிலோ உங்க படகோட எடை இல்ல. ஆரம்பிக்கும்போது நீளம் அகலத்தோட, தண்ணில எவ்ளோ ஆழம் முழுகும்னும் ஒரு கட்டத்துல கேட்டிருக்கும், நீங்க 20 சென்டிமீட்டர்னு போட்டிருப்பீங்கன்னு நினைக்கறேன். அவ்ளோ ஆழம் முழுகினா எவ்ளோ தண்ணியத் தள்ளும்ங்கற கணக்குதான் அது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அதனால 420 லிட்டர் தள்ளினா 420 கிலோ தாங்கும், அவ்ளோதான். உங்க படகு எங்க மிதக்கும்னு அதுவா சொல்லாது, எடையை நீங்கதான் கூட்டிப் பாக்கணும். படகு 35 கிலோ, ஆளுக்கு 70 வச்சு ரெண்டு பேர், துடுப்பு சாமான் ஒரு 5 கிலோ, ஆக 180. இப்ப அந்த ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுட்டே வாங்க, 180 கிலோ காட்டற இடத்துல நிறுத்துங்க. உங்க அளவுக்கு சுமாரா 9 சென்டிமீட்டர் வரும், அதான் நிஜமான தண்ணிக்கோடு.

இதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யச் சொல்வேன், எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல பாடம் கிடையாது. உங்க படகை ஒரு வாரம் ஓரமா வச்சுட்டு முதல்ல ஒரு பரிசலை வரைங்க. ஒகேனக்கல் என்ன தூரமா, ஒரு ஞாயித்துக்கிழமை டேப்பை எடுத்துட்டுப் போங்க, பரிசல்காரர்கிட்ட கேட்டா அளக்க விடுவாங்க. நான் ஒருதடவை பரிசல் பின்றவர் பக்கத்துல மணிக்கணக்கா உக்காந்து பாத்தேன், மூங்கிலைப் பிளந்து பத்தையாக்கி குறுக்கும் நெடுக்கும் தரையில பரப்பி, முழங்கையாலயே அளந்து, பத்தைய வளைச்சு மேல விளிம்பு கட்டறாரு. படமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஆனா ரெண்டு பக்கமும் ஒரே வளைவு வருது. வெளியில பிளாஸ்டிக் ஷீட்டைச் சுத்தி தார் பூசி முடிக்கறாங்க.

பரிசலோட தண்ணிக்கோட்டுல விட்டம் 2 மீட்டர்னு வச்சுக்கங்க, பரப்பு 3.14 சதுர மீட்டர், அப்ப ஒரு சென்டிமீட்டர் இறங்கறதுக்கு 31 கிலோ ஏறணும். 62 கிலோ ஆள் ஒருத்தர் ஏறினா ரெண்டு சென்டிமீட்டர். கரையோரமா சாக்பீஸால கோடு போட்டு, ஆளை ஏறச் சொல்லி நீங்களே பாருங்க, வீட்டுக்கு வந்து சாஃப்ட்வேர்லயும் அதே வருதான்னு பாருங்க. வந்துட்டா அப்புறம் அது சொல்ற எண்ணை நீங்க நம்பலாம். வரலைன்னா மில்லிமீட்டரும் மீட்டரும் எங்கயோ கலந்திருக்கும், இல்லன்னா பரிசலோட பாதி உடம்பை மட்டும் கணக்குல எடுத்திருப்பீங்க (அது ஒரு பக்கத்தை மட்டும் வரைய வச்சு மறுபக்கத்தைக் கண்ணாடி மாதிரி தானே போட்டுக்கும்). உங்க படகுக்கு இதே கணக்கு சென்டிமீட்டருக்கு 21 கிலோதான் வரும், அதனால மூணாவது ஆளை ஏத்தணும்னு ஆசைப்படும்போது இதை நினைச்சுக்கங்க.

அகலத்தைக் குறைச்சா வேகமா போகும்னு யாராவது சொல்வாங்க, உண்மைதான். ஆனா சாயாம நிக்கற பலம் அகலத்தோட மூணாவது அடுக்குல (அகலம் × அகலம் × அகலம்) வருது, ஒரு மீட்டரை 80 சென்டிமீட்டரா குறைச்சீங்கன்னா அந்தப் பலம் கிட்டத்தட்ட பாதியாயிடும். நின்னுகிட்டு வலை வீசற ஆசை இருந்தா அகலத்துல கை வைக்காதீங்க.

அந்த சிவப்புக்கு வரேன். கடலைப் பொட்டலம் மடிக்கறாங்கல்ல, காகிதம் கூம்பா சுருண்டுக்கும், சுருக்கமே விழாது. அதே காகிதத்தை ஒரு பந்து மேல ஒட்டிப் பாருங்க, எங்க பாத்தாலும் சுருக்கம். பிளைவுட்டும் அப்படித்தான், ஒரு பக்கமா வளையும், ஒரே இடத்துல ரெண்டு பக்கமா வளையாது. வளைக்கக்கூடிய இடம் பச்சையாவும் முடியாத இடம் சிவப்பாவும் காட்டும். முன்மூக்குல புள்ளிகளை நிறைய போட்டு இழுத்திருப்பீங்க, பாதியை அழிச்சுடுங்க. புள்ளி கம்மியா இருந்தாத்தான் கோடு வழவழன்னு ஓடும், ஆரம்பத்துல இதை யாரும் சொல்லித் தர்றதில்ல.

பச்சை வந்ததும் சாஃப்ட்வேர்லயே பலகைய தட்டையா விரிச்சு, பத்துல ஒரு பங்கு அளவுல பிரிண்ட் எடுத்து கல்யாணப் பத்திரிகை அட்டையில வெட்டி டேப் போட்டு ஒட்டுங்க, வெளியில மெழுகு தேயுங்க. நீளம் பத்துல ஒண்ணுன்னா எடை ஆயிரத்துல ஒண்ணு, ஆக 180 கிலோ 180 கிராம் ஆயிடும். அட்டைப் படகையும் சேத்து 180 கிராம் வர்ற மாதிரி உள்ள மணலைப் பரப்பி தொட்டியில விடுங்க. 9 மில்லிமீட்டர் முழுகிச்சுன்னா மூணு ஷீட் வாங்க கடைக்குப் போலாம். 1963ல வந்த மிரர் டிங்கிங்கற சின்ன பாய்மரப் படகு, பலகைங்களைக் கம்பியால தைச்சு உள்ள கண்ணாடி நார் நாடா ஒட்டற முறையிலதான் செஞ்சது, முதல்முறை படகு செய்யறவங்க நிறையப் பேர் வீட்டுலயே செஞ்சாங்க. உங்களுக்கும் அந்த முறைதான் சரி.

கேள்வி: நானும் படகு செய்யறேன் சார், சாதாரண பிளைவுட் போடலாமா? – ஓசூர் வாசகர்

பதில்: வேண்டாங்க, பசை தண்ணில ஊறி அடுக்கு அடுக்கா பிரிஞ்சு வந்துடும். ஐஎஸ் 710னு முத்திரை இருக்கற மெரைன் பிளை பாத்து வாங்குங்க. 6 எம்எம் எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு 11, 12 கிலோ இருக்கும், ஆனாலும் கடையில எடை மெஷின் இருந்தா ஏத்திப் பாத்து, அந்த எண்ணையே கணக்குல போடுங்க. முதல்தடவை இறக்கும்போது லைஃப் ஜாக்கெட் போட்டுகிட்டு, இடுப்பளவு தண்ணியிலயே இறக்குங்க.