அமெரிக்க உள்நாட்டுப் போரில் அயர்லாந்துக்காரர்கள் கூலிக்காகத்தான் சண்டை போட்டார்களா? வீரப் பதக்கம் வாங்கியவர் யாராவது உண்டா?

கூலிக்காகவும்தான், அதில் என்ன தப்பு? பிரிந்துபோன தெற்கு மாநிலங்களை எதிர்த்துப் போராடிய வடக்குப் படையில் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த குடும்பத்துக்கு அது பெரிய காசு. ஆனால் கூலிக்காக மட்டும் போனவன் கொடியைத் தூக்க மாட்டான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குத் தாமஸ் பிளங்கெட் நினைவுக்கு வந்தார்.

அயர்லாந்தில் பிறந்து மாசசூசெட்ஸில் குடியேறியவர், 21ஆம் மாசசூசெட்ஸ் காலாட்படையில் சார்ஜண்ட். 1862 டிசம்பரில் பிரெட்ரிக்ஸ்பர்க் சண்டை. மேட்டின் அடியில் கல்சுவருக்குப் பின்னால் தெற்குப் படை தயாராக நிற்க, வடக்குப் படையின் ஜெனரல் பர்ன்சைடு திறந்த வெளியில் அலை அலையாக ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று வடக்குக்கு மட்டும் 12,000 பேருக்கு மேல் இழப்பு. என்னைக் கேட்டால் பாதியிலேயே நிறுத்தியிருக்க வேண்டிய சண்டை.

அப்புறம், அந்தக் காலத்துப் போரில் கொடி ஒன்றும் அலங்காரத்துக்கு இல்லை. துப்பாக்கிப் புகையில் பக்கத்தில் நிற்பவனே தெரியமாட்டான், உத்தரவும் காதில் விழாது, கொடி போகிற பக்கம்தான் படை போகும். எதிரிக்கும் இது தெரியும் என்பதால் குறி முதலில் கொடி பிடிப்பவன் மேல்தான், அவனுக்கோ திருப்பிச் சுடக் கை ஒழியாது. அன்று கொடி பிடித்தவர் சுடப்பட்டு விழுந்ததும் பிளங்கெட் அதை எடுத்துக்கொண்டு முன்னால் போனார், பீரங்கிக் குண்டு ஒன்றில் இரண்டு கையும் போய்விட்டது. பதக்கத்துக்கான சான்றுரையும் இந்த அளவுக்குத்தான், ஒரே வாக்கியம்.

அவர் பிழைத்ததே ஆச்சரியம். 1866இல் அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தார்கள், பிறகு பாஸ்டனில் மாநில அரசு மாளிகையில் தகவல் கொண்டு செல்லும் வேலை, 1885இல் இறந்தார்.

இதே மாசசூசெட்ஸில்தான் 1854இல் நோ நத்திங் கட்சி, கத்தோலிக்கர்கள் மேலும் குடியேறிகள் மேலும் இருந்த வெறுப்பை வைத்தே ஆட்சியைப் பிடித்தது. அதன் ஆளுநர் அயர்லாந்துக்காரர்களின் உள்ளூர்ப் படைப்பிரிவுகளைக் கலைத்தும் விட்டார். ஏழெட்டு வருஷம் போனதும் அதே ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

எல்லாரும் பிளங்கெட் என்று சொல்லவரவில்லை. ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம், 300 டாலர் கட்ட முடிந்தவன் மட்டும் போகாமல் தப்பலாம் என்று வந்தபோது, 1863 ஜூலையில் நியூயார்க்கில் வெடித்த கலவரத்தில் கருப்பர்களைக் கொன்ற கும்பலிலும் அயர்லாந்துக்காரர்கள் நிறைய இருந்தார்கள்.

"அந்தக் காலத்தில் அந்தப் பதக்கத்தை அள்ளிக் கொடுத்தார்களாமே" என்று யாராவது வருவார்கள். கொடுத்தார்கள்தான். மெயின் மாநிலத்தின் 27ஆம் காலாட்படையில் சுமார் 300 பேர்தான் சேவைக் காலம் முடிந்தும் சில நாள் கூடுதலாகத் தங்கினார்கள், பதக்கமோ படையில் இருந்த 864 பேருக்கும் போனது. 1917இல் ராணுவம் பழைய பட்டியலை மறுபடி ஆராய்ந்து இவர்களையும் சேர்த்து 911 பெயர்களை அடித்தது. பிளங்கெட்டின் பெயர் அந்த 911இல் இல்லை.