பாதிக் கட்டணக் கழிவுக்காக வயலை ஈடு வைக்கலாமா?

கேள்வி: சேர், நாங்கள் அம்பாறை மாவட்டம், திருக்கோவில். மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து செகண்ட் அப்பர் (இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு) எடுத்தவ. முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு நிறுவனத்தில் பத்து மாதம் ஒப்பந்தத்தில் வேலை செய்தா. இப்போது டியூசன் கொடுக்கிறா. கல்முனையில் ஒரு ஏஜென்சிக்காரர், லண்டனில் மாஸ்டர்ஸ் படிக்க 50 வீத ஸ்கொலர்ஷிப் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் மூன்று இலட்சம் கட்டினால்தான் இடம் நிற்கும் என்கிறார். பதிவுக்கென்று 25,000 கொடுத்துவிட்டோம். இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைக்க யோசிக்கிறேன். முழுப் புலமைப்பரிசில் எல்லாம் கொழும்பில் ஆள் உள்ளவர்களுக்குத்தான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வயலில் கை வைக்காதீர்கள் ஐயா. மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். ஸ்கொலர்ஷிப் என்ற சொல் அதில் ஒரேயொரு இடத்தில் இருக்கிறது. அடுத்த வரியிலேயே, கட்டணம் 16,000 பவுண்டு, அதில் 8,000 கழிவு என்று இருக்கிறது. இது புடவைக் கடைக்காரர் தீபாவளிக்குப் போடும் பாதி விலை மாதிரி. அந்தப் பாடத்துக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கழிவு இல்லை என்று ஏஜென்சிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, கடிதத்தில் வைப்புப் பணத்துக்குப் போட்ட கடைசித் திகதிக்கு இன்னும் ஆறு வாரம் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை என்பது ஏஜென்சிக்காரர் வைத்த நாள். பல்கலைக்கழகம் லண்டனிலும் இல்லை. எங்கள் ஊரில் இங்கிலாந்து முழுக்க லண்டன்தான், அதை விடுவோம்.

மிச்சக் கணக்கைப் பாருங்கள். கழிவு போக 8,000 பவுண்டு. லண்டனுக்கு வெளியே படிக்கிற பிள்ளை, சாப்பாடு தங்குமிடத்துக்கு மாதம் 1,100 பவுண்டுக்கு மேல், ஒன்பது மாதத்துக்குக் கையில் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டும். அதுவே 10,000 பவுண்டைத் தாண்டும். விசாவோடு சேர்த்துக் கட்டும் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, விசாக் கட்டணம் 500-க்கு மேல். பவுண்டு 400 ரூபாய் என்று வைத்தால் எல்லாமாக 80 இலட்சத்தில் போய் நிற்கும். விமான ரிக்கெட் வேறு. இரண்டு ஏக்கரை ஈடு வைத்தால் இதில் எத்தனையில் ஒரு பங்கு வரும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்று இலட்சம் கட்டிய பிறகுதான் அடுத்த கதை வரும். 'வங்கியில் காசு காட்டுவதைப் பற்றி யோசிக்காதீர்கள், நாங்கள் போட்டுத் தருகிறோம்' என்பார்கள். பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும் என்பது பிரித்தானிய விசா விதி. அந்த 28 நாளுக்கு வட்டிக்குக் காசு போட்டு, பிறகு எடுத்துக்கொள்வார்கள். அல்லது வங்கிக் கடிதத்தையே தயாரித்துக் கொடுப்பார்கள். பொய்க் கடிதம் பிடிபட்டால் பத்து வருடம் அந்த நாட்டு விசாவை மறந்துவிட வேண்டியதுதான். கையொப்பம் உங்கள் மகளுடையது. ஏஜென்சிக்காரர் அந்தக் கோப்பில் எந்த இடத்திலும் இருக்க மாட்டார்.

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு உரிமம் தொங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் என்றால், அது ஆட்களை வேலைக்கு அனுப்புவதற்கு. மகள் படிக்கப் போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளை ஒன்று சேர்ந்தால் ஏஜென்சிக்குப் பல்கலைக்கழகம் கொமிஷன் கொடுக்கிறது. முழுப் புலமைப்பரிசிலில் யாரும் கொமிஷன் கொடுப்பதில்லை. அந்தக் கந்தோரில் அவற்றின் பெயர்களை நீங்கள் கேள்விப்படாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கொழும்பில் ஆள் வேண்டுமா? வேண்டாம். நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய அரசுப் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன: பிரித்தானியாவின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ், அமெரிக்காவின் புல்பிரைட், ஜப்பான் கல்வி அமைச்சின் மெக்ஸ்ட், இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் ஐ.சி.சி.ஆர். எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இவற்றின் பெயரைச் சொல்லி யாராவது காசு கேட்டால் அவர் திருடர், அவ்வளவுதான்.

மகளுக்கு இப்போதே பொருந்துவது எராஸ்மஸ் முண்டுஸ். வேலை அனுபவம் கட்டாயமில்லை. இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கும் மாஸ்டர்ஸ் அது. படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் தருகிறார்கள், அதிகபட்சம் 24 மாதம். கிராமிய அபிவிருத்தி, தாவர விருத்தி, உணவு என்று அவவின் துறைக்குப் பக்கத்தில் பல பாடநெறிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் ஒக்டோபரில் திறந்து ஜனவரியில் மூடுவார்கள். எங்களுக்கு அது மாரி. வெள்ளம் வந்து கரண்டும் போய், ஃபோனில் சிக்னலும் இல்லாமல் கடைசி இரவில் கண்ணீர் விட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். மார்கழிக்கு முன்னமே அனுப்பச் சொல்லுங்கள்.

பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு செகண்ட் அப்பர் கேட்கிறார்கள், அது அவவிடம் இருக்கிறது. இதற்கு உள்நாட்டுப் பரிந்துரை வேண்டும் என்பதால் அறிவித்தலில் கண்ணாக இருக்க வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். அறிவித்தல் ஆங்கிலத்தில் ஒரு மூலையில் கிடக்கும். அது தமிழாகி, வட்ஸ்அப்பில் சுற்றித் திருக்கோவிலுக்கு வரும்போது முடிவுத் திகதிக்கு நாலு நாள் இருக்கும். உறுதிப்படுத்திய பெறுபேற்றுப் பத்திரம் எடுக்க அந்த நாலு நாள் எந்த மூலைக்குக் காணும்? ஒரு அலுவலகத்தில் எங்கள் மாணவி ஒருத்திக்கு ஏழு வாரம் எடுத்தது. கையொப்பம் வைப்பவர் லீவு, அவர் வந்தபோது முத்திரை வைத்திருப்பவர் லீவு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்டதோ ஸ்கேன் செய்த ஒரு பிரதி மட்டும். இங்கே அரக்கு வைத்து மூடிய உறையில்தான் தருவோம் என்று நின்றார்கள். உறையை உடைத்தால் செல்லாதாம். உடைக்காமல் எப்படி ஐயா ஸ்கேன் பண்ணுவது?

செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும் என்பதைக் கேட்டவுடன் எங்கள் பிள்ளைகள் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் இரண்டு வருடம் என்பதை 2,800 மணித்தியாலம் என்று எண்ணுகிறார்கள். ஒரே இடத்தில், நிரந்தர வேலையில் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. பகுதிநேர வேலை சேரும், தொண்டர் வேலை சேரும், சம்பளமில்லாத பயிற்சியும் சேரும். மகள் பட்டம் முடித்த பிறகு பத்து மாத ஒப்பந்தம் செய்திருக்கிறா. வாரம் 35 மணி, 43 வாரம் என்றால் 1,505. டியூசன் வாரம் 15 மணி, இதுவரை 30 வாரம் என்றால் 450. ஆக 1,955. இன்னும் 845 மணி வேண்டும். இதே டியூசனோடு, ஊரில் கமக்காரர் அமைப்புக்கோ மாதர் சங்கத்துக்கோ வாரம் பத்து மணி உதவினால் 34 வாரத்தில் முடிந்துவிடும். டியூசனை வேலை என்று எழுத எங்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம். கிழக்கு மாகாணத்தில் பட்டதாரி டியூசன் கொடுக்காமல் வேறு எதைச் செய்வது? கூச்சப்படாமல் எழுதச் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் திகதியும் மணியும் இன்றைக்கே குறிக்கத் தொடங்கட்டும், டியூசன் நிலையப் பொறுப்பாளரிடம் ஒரு கடிதமும் வாங்கி வைக்கட்டும். படித்து முடித்ததும் இரண்டு வருடத்துக்கு நாடு திரும்ப வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தால் இதில் கை வைக்க வேண்டாம்.

தம்பி உயர்தரம் எழுதியிருக்கிறார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவருக்கு ஐ.சி.சி.ஆர்.-இன் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலும் மெக்ஸ்ட்டின் இளமாணிப் பிரிவும் இருக்கின்றன. ஐ.சி.சி.ஆர்.-இல் மருத்துவம் கிடையாது. 'இந்தியாவில் புலமைப்பரிசிலில் எம்.பி.பி.எஸ்.' என்று யாராவது சொன்னால் அவரிடமும் தள்ளியே நில்லுங்கள்.

இனி மகளின் பத்திரங்கள். அனுப்பிய படங்களில் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் தேவராசா. உயர்தரச் சான்றிதழில் தேவராஜா. கடவுச்சீட்டில் அதே பெயர் மகளின் குடும்பப் பெயராகி முன்னுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு இது ஒரே ஆள். வெளிநாட்டில் கோப்புப் பார்ப்பவருக்கு மூன்று பேர். சமாதான நீதவான் ஒருவரிடம் போய், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். சிபாரிசுக் கடிதம் தரும் விரிவுரையாளர்களிடம் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியை வாங்குங்கள். ஜிமெயில் கொடுத்தால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். விண்ணப்பக் கட்டுரையை மகள் தானே எழுத வேண்டும். ஏஜென்சிக் கட்டுரைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிறுவயதிலிருந்தே ஒரே கனவுதான் இருக்கும், வாசிப்பவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொடுத்த 25,000-க்குப் பற்றுச்சீட்டு இருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். கிடைப்பது சந்தேகம்தான். ஆனால் காசுப் பேச்சை எடுக்க முதல், மகளின் மூலச் சான்றிதழ்கள் அங்கே இருந்தால் 'ஒரு நேர்முகத்துக்கு வேண்டும்' என்று சொல்லி வாங்கி வாருங்கள். அவ பெயரில் அவர்கள் திறந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.