ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை

கேள்வி: என் மகன் பிறந்து 50 நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். முதல் மாதம் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் வெளிக்குப் போனவன், இப்போது ஐந்து நாளாகப் போகவில்லை. பால்பவுடர் குடிக்கும் என் மைனியின் குழந்தை தினமும் போகிறது. வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைக்கச் சொல்கிறார் மாமியார். மட்டிப் பழத்தை மசித்துக் கொடுக்கவா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: வெற்றிலைக் காம்பு வேண்டவே வேண்டாம், அம்மா. ஆசனவாயின் தோல் அத்தனை மெல்லியது, கீறிவிடும். சோப்புத் துண்டும் அப்படித்தான்.

உங்கள் மகன் நன்றாகப் பால் குடிக்கிறானா? நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறானா? எடை ஏறுகிறதா? இவை சரியாக இருந்தால் இது மலச்சிக்கல் இல்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி உடம்பிலேயே சேர்ந்துவிடும், மிச்சம் கொஞ்சம்தான். அதனால் ஆறு வாரம் தாண்டிய குழந்தைகள் சிலர் ஒரு வாரம்கூடப் போகாமல் இருப்பார்கள். நாளை எண்ணாமல் மலத்தைப் பாருங்கள். மஞ்சளாக, இளக்கமாகப் போனால் நிம்மதியாக இருங்கள். முக்கி முகம் சிவப்பதும் இந்த வயதில் சகஜம்.

மைனியின் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். பவுடர் பால் செரிக்க நேரமாகும். மலம் சற்றுக் கெட்டியாக, வாடையோடு இருக்கும். புழுக்கை புழுக்கையாகப் போனால் கவனிக்க வேண்டியவர் மைனிதான். டப்பாவில் போட்டிருக்கும் அளவைவிடக் கூடுதலாகப் பவுடர் சேர்த்தாலும் மலம் இறுகும். அவரிடம் சொல்லுங்கள்.

மட்டி நம் மாவட்டத்தின் அருமையான பழம், ஆனால் ஆறு மாதம் முடியட்டும். அதுவரை தண்ணீரும் வேண்டாம். விளக்கெண்ணெய், வசம்பு எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது.

வயிறு உப்பி இறுகினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ கண்டாலோ, அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தாலும் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். பித்தக் குழாய் அடைப்பாக இருந்தால், பிறந்து இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வதுதான் நல்லது. உங்கள் மகனுக்கு இப்போதே 50 நாள்.

இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். பிறந்ததும் போகும் அந்தக் கறுப்பு மலம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்ததா? அப்படியென்றால் குடலில் நரம்புக் குறை இருக்கக்கூடும். பிள்ளை சிரித்து விளையாடினாலும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, அதை மறக்காமல் சொல்லுங்கள்.