லொறி டயருக்குள் சமநிலை மணிகளை வீட்டிலேயே போடலாமா?

மட்டக்குளியிலிருந்து எழுதியிருக்கும் வாசகர், தம்புள்ளையிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் ஆறு சில்லு லொறி ஒன்றின் உரிமையாளர். முன்பக்கத்துக்கு 235/75 ஆர் 17.5 அளவில் இரண்டு புதிய டியூப்லெஸ் டயர்களைப் பூட்டியதிலிருந்து, வேகம் 65 கிலோமீற்றரைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குவதாகச் சொல்கிறார். லொறிச் சில்லைத் தாங்கி அதன் எடையைச் சமன்பார்க்கும் பெலன்சிங் இயந்திரம் அவருக்கு அருகில் இல்லை. தரகர் ஒருவர், டயருக்குள் போடும் கண்ணாடி மணிகளை ஆறு சில்லுக்கும் வாங்கச் சொல்லி, அவற்றை வீட்டு முற்றத்திலேயே போட்டுவிடலாம் என்றும், மிஞ்சுவதை மச்சானின் 10.00-20 டியூப் டயர் டிப்பருக்கும் போடலாம் என்றும் கூறியிருக்கிறார். இதை நம்பலாமா என்பதே கேள்வி.

மணிகள் பொய்யல்ல. எந்த டயரும் சுற்றிலும் ஒரே எடையாக இருப்பதில்லை. ஏதோ ஓரிடத்தில் சில கிராம்கள் கூடியிருக்கும், வேகத்தில் அந்தக் கனமான இடம் சில்லை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை மேலும் கீழும் இழுக்கும். சில்லு ஸ்பிரிங்கில் தொங்குவதால் அந்த இழுப்புக்கு அசைந்து கொடுக்கிறது. உள்ளே தளர்வாக உருளும் மணிகள் அந்த அசைவினாலேயே தள்ளப்பட்டு, கனமான இடத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. ரிம்மில் ஈயக்கட்டி அடிப்பவர் கணக்குப் பார்த்துச் செய்வதை, மணிகள் ஓட்டத்திலேயே செய்துகொள்கின்றன. ஆனால் இது வேகம் கூடிய பிறகுதான் நடக்கும். கிரிபத்கொடை, கடவத்தை நெரிசலில் ஊர்ந்து போகும்போது மணிகள் டயரின் அடியில் வெறுமனே புரண்டுகொண்டிருக்கும், லொறி நின்றதும் அடியில் குவிந்துவிடும், மீண்டும் வேகம் பிடிக்கும்போது புதிதாக இடம் தேடும். ஆகவே குருநாகலுக்கு அப்பால் திறந்த வீதியில் வரும் நடுக்கத்துக்கு அவை உதவலாம். நகரத்துக்குள் குறைந்த வேகத்தில் வரும் நடுக்கத்துக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

ஆனால் உங்கள் லொறியின் நடுக்கம் எடைக் குறைபாடுதானா என்பதை யாரும் இன்னும் பார்க்கவில்லை. புதிய டயர் பூட்டியவுடன் தொடங்கிய நடுக்கம் பெரும்பாலும் டயர் ரிம்மில் நேராக உட்காராததால் வருவது. டயரின் ஓரத்தில், ரிம் விளிம்பை ஒட்டி, சுற்றிவரும் மெல்லிய வரை ஒன்று தெரியும். ஒரு சிறிய அடிமட்டத்தை எடுத்து, அந்த வரைக்கும் ரிம் விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தை நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், காற்றை இறக்கி, ஓரத்தில் வழுக்குப் பசை தடவி, டயர் கடையில் மீண்டும் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மணி தேவையில்லை, தரகரும் தேவையில்லை. அடுத்து, முன் அச்சை ஜக்கில் உயர்த்தித் தாங்கி வைத்து, டயரின் முகப்புக்கு, அதாவது வீதியில் படும் பக்கத்துக்கு, மிக அருகில் ஒரு மரக்கட்டையை அசையாமல் நிறுத்தி, சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கட்டைக்கும் டயருக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு சுற்றில் இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் கூடிக் குறைந்தால் அந்தச் சில்லு வட்டமாக இல்லை. வட்டமில்லாத சில்லை எத்தனை மணியாலும் வட்டமாக்க முடியாது. சில்லு உயரத்தில் இருக்கும்போதே அதன் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங்பின்னிலோ (முன்சில்லு திரும்பும் அச்சாணி) பெயாரிங்கிலோ ஆட்டம் தெரிந்தால் முதல் செலவு அதற்குத்தான். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அந்தக் காலத்தில் ஓட்டித் தேய்த்த லொறிகளே இன்றும் நம் வீதிகளில் பாரம் சுமக்கின்றன, அவற்றின் முன்பக்கத் தேய்மானத்தை டயர் தலையில் கட்டிவிடுவது வெகு சாதாரணமாகிவிட்டது.

இவையெல்லாம் சரியாக இருந்து நடுக்கம் ஸ்டியரிங்கில்தான் என்றால், மணி போடுவதில் தவறில்லை. முன்சில்லு இரண்டுக்கு மட்டும் போதும். நடுக்கம் ஆசனத்திலும் தரையிலும் தெரிந்தால்தான் பின்பக்கத்தையும் பின் அச்சைச் சுழற்றும் புரொப்பெலர் ஷாப்டையும் சந்தேகிக்க வேண்டும். ஆறு சில்லுக்கும் விற்கப் பார்ப்பவர் உங்கள் லொறியைப் பார்க்கவில்லை, உங்கள் பணப்பையைப் பார்க்கிறார்.

இனி இந்த மணிகளை அடைத்து விற்கும் பைகளைப் பற்றி. இவ்விடயத்தில் நான் கடுமையாகவே பேசுகிறேன், ஏனெனில் பாதிக்கப்பட்ட பலரைப் பார்த்துவிட்டேன். பெயரோ எடையோ அட்டவணையோ இல்லாத வெள்ளைப் பொலித்தீன் பைகளில் கட்டி விற்கப்படுபவை எல்லாம் சமநிலை மணிகள் அல்ல. வீதிக் கோடு பூச்சில் தூவும் கண்ணாடித் துகள், துரு சுரண்டப் பயன்படும் இரும்புக் குறுமணி, பொம்மைத் துப்பாக்கிக்குப் போடும் பிளாஸ்டிக் குண்டு ஆகியவற்றைக்கூட இதே பெயரில் விற்கிறார்கள். இரும்பு துருப்பிடித்துக் கட்டியாகும். பிளாஸ்டிக் குண்டு டயரின் சூட்டில் உருக்குலைந்து தூளாகும். கூர்முனையுள்ள துகள், காற்றைத் தடுத்து நிறுத்தும் உட்படலத்தை ஓயாமல் உரசும். உண்மையான பொருள் மூடி முத்திரையிட்ட பொதியில், நிகர எடையோடும் டயர் அளவுக்கான அட்டவணையோடும், மணிகள் நுழையாதபடி வடி பொருத்திய வால்வ் ஊசிகளோடும் வரும். 22.5 அங்குல ரிம்முள்ள பெரிய டயர் ஒன்றுக்குப் பெரும்பாலும் 300 முதல் 350 கிராம் வரை சொல்லப்படுகிறது, உங்களுடைய 17.5 அங்குலத்துக்கு அதைவிடக் குறைவு, அந்தப் பொதியின் அட்டவணை சொல்வதே கணக்கு. "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது" என்று சொல்பவருக்கு இந்த வேலை தெரியாது.

மணி போட்ட சில்லை இயந்திரத்திலும் வைத்து பெலன்ஸ் செய்து தருவதாக இரண்டு கட்டணம் கேட்கும் கடைகளும் உண்டு. இயந்திரத்தின் அச்சு ஸ்பிரிங்கில் தொங்குவதில்லை; அதில் மணி உள்ள சில்லைச் சுற்றினால் ஒவ்வொரு தடவையும் வேறு எண்தான் வரும், அந்த எண்ணுக்கு அடிக்கும் ஈயக்கட்டி வீண். ரிம்மில் ஏற்கனவே உள்ள ஈயக்கட்டிகளைக்கூட மணி போடும்போது கழற்றிவிட வேண்டும். "புதியது" என்று சொல்லித் தந்த டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள்: 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கில் அடுக்கி நசுங்கிய டயர் நடுங்காமல் வேறென்ன செய்யும்?

போடும் முறை கடினமானதல்ல. லொறியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, அச்சை ஜக்கில் உயர்த்தி, ஜக்கை மட்டும் நம்பாமல் தாங்கியும் வைத்துக்கொள்ளுங்கள். வால்வ் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற விடுங்கள். வால்வ் சில்லின் கீழ்ப்பாதிக்கு வரும்படி சுற்றினால், குழாய் பொருத்திய போத்தலிலிருந்து மணிகள் தாமாகவே உள்ளே இறங்கும். இடைக்கிடை குழாயைத் தட்டிக்கொடுத்தால் போதும். பிறகு வால்வை மேலே வரும்படி சுற்றி, அதன் உட்புறத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்து, வடியுள்ள ஊசியைப் பூட்டுங்கள். பழைய ஊசியைத் திரும்பப் பூட்டினால் உள்ளிருக்கும் கண்ணாடி மணி ஒன்று ஊசி உட்காரும் இடத்தில் சிக்கி, இரவோடிரவாகக் காற்றுக் கசியும். பின்னாட்களில் காற்றழுத்தம் பார்க்கும்போதும் வால்வ் மேலே இருக்கட்டும்; அளப்பதற்கு முன் கொஞ்சம் காற்றை உள்ளே அடித்துவிடுங்கள்.

காற்றடிப்பதுதான் வீட்டில் செய்ய முடியாத பகுதி. கார் டயருக்கு அடிக்கும் சிறிய பம்ப் லொறி டயருக்குத் தேவையான அழுத்தத்தைத் தராது, காற்றில்லாத சில்லில் லொறியை ஓட்டிக்கொண்டும் போகக்கூடாது. ஆகவே நம்பிக்கையான டயர் கடையின் முற்றத்தில், உங்கள் கையாலேயே இந்த வேலையைச் செய்வதே சிறந்தது. அங்கே அவர்களின் கொம்பிரசர் தாங்கியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றச் சொல்லுங்கள். பிறகு காற்றுக் குழாயின் முன் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்துச் சிறிது நேரம் காற்றை அடிக்க விடுங்கள். கடதாசி நனைந்தாலோ எண்ணெய்ப் புள்ளி விழுந்தாலோ அந்தக் காற்று உங்கள் டயருக்கு வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்றில் தண்ணீரை வெளியேற்றாத தாங்கியிலிருந்து வருவது பாதி நீர்தான், ஈரம் பட்ட மணிகள் உள்ளே ஓரிடத்தில் ஒட்டிக் கட்டியாகி, இருந்த நடுக்கத்தை இருமடங்காக்கும். பஞ்சர் அடைக்கும் ஜெல் ஊற்றிய டயரிலும் இதே கதிதான். காற்றடிக்கும்போது நீண்ட குழாயைக் கொளுவிவிட்டு, பக்கச்சுவருக்கு நேரே நிற்காமல் முகப்புப் பக்கமாக விலகி நில்லுங்கள். குறித்த அழுத்தத்தின் 80 வீதத்துக்கும் குறைவான காற்றோடு பாரம் ஏற்றி ஓடிய டயராக இருந்தால், அதைக் கழற்றி உட்புறம் பார்க்காமல் காற்றே அடிக்க வேண்டாம். பக்கச்சுவருக்குள் அறுந்த கம்பிகள் அழுத்தம் ஏறும்போது ஒரே வெடிப்பாகக் கிழியும்.

மச்சானின் டிப்பர் விடயத்தில் நான் அனுமதி தர மாட்டேன். மணிகளை டியூபின் வால்வ் வழியாகப் போட முடியாது என்பதல்ல காரணம். போடலாம் என்று சொல்லும் உற்பத்தியாளர்களும் இருக்கிறார்கள். 10.00-20 டியூப் டயர் பூட்டியிருக்கும் ரிம் பெரும்பாலும் ஒரே துண்டல்ல. டயரை உள்ளே பிடித்து வைத்திருப்பது பக்கத்தில் பொருத்திய ஓர் இரும்பு வளையம். அது துருப்பிடித்து அதன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருந்தால், காற்றடிக்கும்போது பறந்து வரும், முன்னால் நிற்பவரைக் கொல்லும். சில்லைக் கழற்றுவதற்கு முன்பே காற்றை முழுவதும் இறக்குவதும், இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பதும் இந்த ரிம்முக்கு விலக்கில்லாத விதிகள். அவற்றை எங்கள் டயர் கடைகளில் எத்தனை கடை பின்பற்றுகிறது? வளையத்தின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு காற்றடிக்கும் பையன்களை நான் இன்றும் பார்க்கிறேன். லொறிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள், புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள், வரிசையில் நின்று கட்டணம் கட்டி முத்திரை குத்தி வாங்கியும் வருகிறோம். அந்த லொறிக்குக் காற்றடிக்கும் இடத்தில் ஒரு கூண்டு இருக்கிறதா என்று கேட்பதற்கு மட்டும் யாருமில்லை. ஆகவே மச்சானிடம் சொல்லுங்கள்: இந்த ரிம்மின் காற்றை வீட்டில் இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். மணியைக் கடையில் போட்டுத் தருவதாகச் சொன்னாலும் முதலில் கூண்டைக் காட்டச் சொல்லட்டும். மேலும் அந்த டிப்பர் மணல் ஏற்றி ஓடும் வேகத்துக்குச் சமநிலை மணியால் ஆகப்போவது எதுவுமில்லை.

உங்கள் லொறிக்கு மணி போட்ட பிறகு, திறந்த வீதியில் ஓரளவு தூரம் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் அதே வேகத்தில் அப்படியே தொடர்ந்தால் இன்னுமொரு பை போடாதீர்கள். நான் மேலே சொன்ன அடிமட்டத்தையும் மரக்கட்டையையும் திரும்ப எடுங்கள். இந்த டயர்களை என்றாவது மாற்றும்போது உள்ளே இருக்கும் மணிகளைக் கடைக்காரர் நிலத்தில் கொட்டிவிட விடாமல், ஒரு துணியில் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். உலர்ந்திருந்தால் சலித்து, எடை பார்த்து, குறைந்த அளவை மட்டும் நிரப்பி அடுத்த டயருக்குப் போடலாம்.