கரியமில வாயு மாறும்போது மூளை இரத்த ஓட்டம்: மாதிரிக்கு நேர்கோடு போதுமா?

தமனி இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் பாதரசம் மாறினால் மூளை இரத்த ஓட்டம் ஏறத்தாழ 4 விழுக்காடு மாறுகிறது என்றால், இந்த உறவைக் காட்டும் கணித மாதிரிக்கு நேர்கோடே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இயல்பு அளவான 40-ஐ ஒட்டிய சிறு மாற்றங்களுக்குப் போதும். அதைத் தாண்டினால் போதாது.

தேவகோட்டையில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பலகாரம் சுடும் நாள்களில், இரண்டாம் கட்டில் விறகடுப்பை ஊதாங்குழலால் விடாமல் ஊதும் ஆயா, தலை கிறுகிறுக்கிறது என்று தூணில் சாய்ந்துவிடுவார்கள். புகையால் என்றுதான் எல்லாரும் சொல்வோம். புகைக்கும் பங்கிருக்கலாம், ஆனால் அப்படி ஊதும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் மூளையின் சிறு தமனிகள் சுருங்குகின்றன என்று பிறகு படித்தபோது, எனக்கு அந்தத் தூண்தான் நினைவுக்கு வந்தது. இவ்வாயு மூளைத் திசுவுக்குள் எளிதில் கடந்து அங்குள்ள நீர்மத்தின் அமிலத்தன்மையை மாற்றுகிறது. தமனிச் சுவரின் தசை அதற்கேற்பத் தளர்கிறது அல்லது இறுகுகிறது.

உங்கள் கோட்டை இடப்புறம் நீட்டிப் பாருங்கள்: அழுத்தம் 15 ஆகும்போது ஓட்டம் சுழியாகிவிடும். உயிருள்ள மூளையில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஓட்டம் மிகவும் குறைந்தால் திசுவில் ஏற்படும் ஆக்சிஜன் பற்றாக்குறையே தமனிகளை மேலும் சுருங்கவிடாமல் தடுக்கிறது. வலப்புறம் ஏற்றம் பெரிது. 1948-இல் கெட்டி, ஷ்மிட் என்ற ஆய்வாளர்கள் இருவர் 5 முதல் 7 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது ஓட்டம் சராசரியாக 75 விழுக்காடு உயர்ந்தது. ஆயினும் முழுதும் விரிந்துவிட்ட தமனி மேலும் விரிய முடியாது. ஆகவே இரு முனையிலும் படுத்து நடுவில் எழும் லாஜிஸ்டிக் வளைவையே நான் தேர்ந்தெடுப்பேன். கீழ் எல்லை, மேல் எல்லை, நடுப்புள்ளி, சரிவு ஆகிய அதன் நான்கு அளவுருக்களுக்கும் உடலியல் பொருள் உண்டு.

இவ்வாயு கூடும்போது இரத்த அழுத்தமும் உயர்வதால், ஓட்டத்தின் உயர்வு முழுவதையும் தமனி விரிவின் கணக்கில் எழுதிவிடுவது பெரும் பிழை. ஓட்டத்தை இரத்த அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் கடத்துமையையும் உடன் பாருங்கள். நுரையீரலில் ஏற்பட்ட மாற்றம் மூளையை எட்டச் சில நொடிகள் ஆகும் என்பதால் ஒரு காலத்தாழ்வும் சேர்க்க வேண்டும். உங்கள் தரவு 35-க்கும் 45-க்கும் இடையில் மட்டுமே இருந்தால், அந்த நான்கு அளவுருக்களையும் அதிலிருந்து கறந்தெடுக்க முயல வேண்டாம். எல்லைகள் இரண்டும் அந்தத் தரவுக்குள் இல்லவே இல்லை.