எல்லை கடந்த எதிர்ப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: உலகமயமாக்கலை எதிர்ப்பவர்களே நாடு கடந்து இயங்குவது முரண்பாடு அல்லவா ஐயா?

பதில்: நாடுகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்வதை இவ்வியக்கங்கள் எதிர்க்கவில்லை. வணிகத்தின் விதிகளை யார், எந்த அறையில் அமர்ந்து வகுக்கிறார்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. உழவரின் விளைபொருள் விலையைப் பாதிக்கும் உடன்படிக்கை வெளிநாட்டில் கையெழுத்தாகும்போது, எதிர்ப்பும் அங்கே சென்றுதான் ஆக வேண்டும். பல கண்டங்களின் உழவர் சங்கங்களை இணைக்கும் லா வியா கம்பெசினா 1993இல் உருவானது இதனால்தான்.

கேள்வி: இவையெல்லாம் சியாட்டிலில்தான் தொடங்கினவா?

பதில்: இல்லை. 1999 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உலக வர்த்தக நிறுவனத்தின் மாநாட்டுக்குச் செல்லும் சாலைகள் மறிக்கப்பட்ட பிறகே உலக ஊடகங்கள் திரும்பிப் பார்த்தன. ஆனால் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1994 ஜனவரி 1 அன்றே மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் ஜபதிஸ்தாக்கள் எனப்படும் பழங்குடி உழவர் படையினர் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள். சியாட்டிலுக்குச் சில மாதங்கள் முன்பு, பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த உழவர்கள் சில நூறு பேர் ஐரோப்பிய நகரங்களுக்கே சென்று முழக்கமிட்டார்கள். இந்த முன்கதையை விட்டுவிட்டு இவ்வரலாற்றைச் சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

கேள்வி: போராட்டங்களால் ஓர் ஒப்பந்தமாவது நின்றதா?

பதில்: நின்றது. அரசின் சட்டத்தால் தன் முதலீடு பாதிக்கப்பட்டதாகக் கருதும் வெளிநாட்டு நிறுவனம் அந்த அரசின்மீதே வழக்குத் தொடுக்க வழிசெய்யும் பலதரப்பு முதலீட்டு ஒப்பந்தம் 1995 முதல் பேசப்பட்டு வந்தது. அதன் வரைவு 1997இல் கசிந்து இணையத்தில் பரவ, பல நாட்டு அமைப்புகள் அதைப் பிரிவு பிரிவாகப் படித்து மக்களிடம் விளக்கின. 1998 அக்டோபரில் பிரான்ஸ் விலகியதும் பேச்சு முறிந்தது. மருந்து விஷயத்தில் கிடைத்த வெற்றியை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மலிவான மருந்துக்கு வழிவகுத்த தென்னாப்பிரிக்கச் சட்டத்தின்மீது 39 மருந்து நிறுவனங்கள் தொடுத்திருந்த வழக்கு, எய்ட்ஸ் நோயாளிகளின் இயக்கமும் பிற நாட்டு ஆதரவாளர்களும் தந்த நெருக்கடியால் 2001 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. காப்புரிமை விதிகள் பொதுச் சுகாதாரத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று அதே ஆண்டு நவம்பரில் உலக வர்த்தக நிறுவனத்தின் தோஹா மாநாடு அறிவித்தது.

கேள்வி: வன்முறை?

பதில்: சிறு குழுக்கள் கடைகளை உடைத்தது உண்மை, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 2001 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவாவில் போராட்டக்காரர்கள் உறங்கிய பள்ளிக்குள் காவல்துறை நுழைந்து தாக்கியதைச் சித்திரவதை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்ததையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனங்கள் அரசின்மீது வழக்குத் தொடுக்கும் அந்த உரிமை ஒழிந்ததா?

பதில்: ஒழியவில்லை, இருநாட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் அது இன்றும் இருக்கிறது. பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில் குடிநீர் தனியார்மயத்தை மக்கள் 2000ஆம் ஆண்டு முறியடித்த பின்னும், வெளியேறிய நிறுவனம் அவ்வாறே இழப்பீடு கோரியது. பல நாடுகளில் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2006இல்தான் அது வழக்கைக் கைவிட்டது.