94 சதவீதம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வீடியோ கேம்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய சிறு குறிப்பைப் படித்த துணிச்சலில் இதை எழுதுகிறேன். எனக்கு 34 வயது. சென்ற மாதம் ஒரு பெரிய விளையாட்டை முடித்தேன். 112 மணி நேரம் பிடித்தது. 94 சதவீதம் முடித்திருக்கிறேன். சாதனைகளுக்காக விளையாட்டு தரும் 51 டிராபிகளில் 44 கிடைத்துவிட்டன. நடுவில் ஒரு பாஸ் சண்டையில், அதாவது வழியை அடைத்து நிற்கும் பெரிய எதிரியிடம், 60 முறைக்கு மேல் தோற்று, பொறுக்க முடியாமல் ஈஸி மோடுக்கு மாற்றிக்கொண்டேன். நண்பர்கள் குழுவில் இதைச் சொன்னதும், அப்படியென்றால் நீ அதை ஆடவே இல்லை என்றார்கள். கேலியாகத் தொடங்கிய பேச்சு மனக்கசப்பில் முடிந்தது. ஈஸி மோடில் ஆடியவர் அந்த விளையாட்டை முடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா? வீடியோ கேம் ஒரு கலையா? இந்த வயதில் இது நேர விரயமா? வாங்கி வைத்து இன்னும் திறக்காத 212 விளையாட்டுகள் என் பட்டியலில் இருக்கின்றன. அடுத்து எதை ஆடலாம் என்றும் சொன்னால் மகிழ்வேன்.

கே.

அன்புள்ள கே.,

விளையாட்டின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். பெயர் இருந்தால், அந்த விளையாட்டு நல்லதா கெட்டதா என்று எனக்கு நூறு கடிதங்கள் வரும். நீங்கள் கேட்டதை ஒருவரும் படிக்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில் பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஒரு கட்டம் போட்ட நோட்டு என் கைக்கு வந்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்த மனநிலையில் உங்கள் கடிதத்தைப் படித்ததால்தான் இந்தப் பதில். நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கலையா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். 2010 ஏப்ரலில் அமெரிக்கத் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ கேம் ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதினார். ஆடிப் பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அதே ஆண்டு ஜூலையில் அவரே எழுதினார். 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் டெட்ரிஸ், பேக்-மேன் உள்ளிட்ட 14 விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. இதற்குப் பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்பவர் விடையைத் தேடவில்லை, பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றைத் தேடுகிறார்.

நேர விரயமா என்கிறீர்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லி, செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் வைக்கிறது. அந்த உவகைக்கு அது தரும் அடைமொழி 'அல்லல் நீத்த' என்பது. இதில் வயதுக்கு இடமே இல்லை. அந்த 112 மணி நேரமும் உங்களுக்கு அல்லல் நீத்ததாக இருந்ததா என்று மட்டும்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை.

ஈஸி மோடில் தாராளமாக ஆடலாம். முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் நண்பர்கள் கடினத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியுமா? 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில், சுடச்சுட எதிரிகளின் எண்ணிக்கை குறையும். குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். கடைசியாக நிற்கும் ஒன்று பித்துப் பிடித்ததுபோல் ஓடும். இதை அவர் திட்டமிட்டுச் செய்யவில்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் அந்தக் காலத்துச் செயலிக்குச் சுமை குறைந்தது, மிச்சமிருந்தவை தாமாக விரைந்தன. அதைக் கண்ட நிஷிகாடோ, நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் ஒருவர் சில நிமிடங்களில் தோற்றால்தான் அடுத்த காசு விழும் என்பதால், அந்த வியாபாரக் கணக்குக்காக ஏற்றப்பட்ட கடினம், காசுத் துளையே இல்லாத வீட்டு இயந்திரங்களுக்கும் பழக்கதோஷத்தில் வந்து சேர்ந்தது. ஆக, உங்கள் நண்பர்கள் காவல் காக்கும் அந்தப் புனிதத்தில் பாதி இயந்திரத்தின் இயலாமை, மீதி கல்லாப்பெட்டி.

எளிதாக்கிக்கொள்ளும் வசதியும் நேற்று வந்ததில்லை. 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600 என்ற வீட்டு விளையாட்டு இயந்திரத்தின் முகப்பிலேயே கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு விசைகள் இருந்தன, இடப்பக்க ஆட்டக்காரருக்கு ஒன்று, வலப்பக்க ஆட்டக்காரருக்கு ஒன்று. பெரியவரும் சிறியவரும் சேர்ந்து உட்கார்ந்து ஆட வேண்டும் என்று நினைத்த யாரோ ஒருவரின் கை அதில் தெரிகிறது. கேலி பிறகுதான் வந்தது. 1992-இன் வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் மிக எளிய நிலையைத் தேர்ந்தெடுக்கப் போனால், 'அப்பா, நானும் விளையாடலாமா?' என்ற வரிக்குப் பக்கத்தில் நாயகனின் முகம் குழந்தைக் குல்லாயோடு காட்சி தரும். 2018-இல் வந்த செலஸ்ட் என்ற மலையேறும் விளையாட்டிலோ, மலையேற முடியாதவர் விளையாட்டின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு சொல் கேலி இல்லை. கடினத்தையே உயிராகக் கொண்ட விளையாட்டுகள் உண்டு, அவற்றில் எளிய நிலை வைக்காமலிருப்பது செய்தவர்களின் உரிமை. உங்களுக்கு வைத்துக் கொடுத்திருந்தார்கள், எடுத்துக்கொண்டீர்கள். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இனி உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வயதையும் சேர்த்து அதில் ஏழு எண்கள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் 112 மணி நேரம் நடமாடிய அந்த உலகத்தில் மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. அங்கே மனிதர்கள் எந்த மாதிரி வீடுகளில் இருந்தார்கள், கதை மனத்தை உருக்கியதா, இரவில் காட்டுக்குள் போகப் பயந்தீர்களா, எதுவும் தெரியாது. உங்களை 60 முறை கொன்ற அந்த உருவத்துக்கு எத்தனை கைகள் என்றுகூட நீங்கள் சொல்லவில்லை. வெளியூரில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தவரிடம் ஊர் எப்படி என்று கேட்டால், அவர் சட்டைப் பையிலிருந்து பயணச்சீட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்கிக் காட்டியதைப்போல இருக்கிறது உங்கள் கடிதம்.

என் கருத்து இதுதான், இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வசைதான் கிடைக்கிறது: வீடியோ கேமுக்கு நேர்ந்த பெரிய கேடு வன்முறையும் அல்ல, ஆட்டத்துக்கு அடிமையாவதும் அல்ல, இந்தச் சதவீதம்தான். புள்ளி என்பது முதலிலிருந்தே இருக்கிறதே என்று உடனே மறுப்பீர்கள். இருந்தது. ஆனால் அது அந்த ஆட்டத்துக்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே செத்தது. அன்றைய இயந்திரங்கள் பலவற்றில் மின்சாரத்தை நிறுத்தினால் பெரும்புள்ளிப் பட்டியலும் போய்விடும். 1980-களின் தொடக்கத்தில் ஆக்டிவிஷன் நிறுவனத்தின் விளையாட்டுகளில் குறிப்பிட்ட புள்ளியை எட்டியவர்கள் தொலைக்காட்சித் திரையைப் படம் பிடித்து அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளத் துணிச் சின்னம் ஒன்றைத் தபாலில் அனுப்பினார்கள். படம் பிடித்து, கழுவி, உறையிலிட்டு, காத்திருந்து பெற்ற சின்னம் அது. வேண்டும் என்று கேட்டவருக்கு மட்டும் வந்தது. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீட்டு இயந்திரம், சாதனைகளைத் தானாகவே பதிவு செய்யும் அச்சீவ்மென்ட் என்ற ஏற்பாட்டைத் தன் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவாக்கியது. 2008-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு டிராபி வந்தது. அன்றிலிருந்து, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு கணக்குப்பிள்ளை உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொண்டே இருக்கிறார். கதையில் ஒருவர் இறந்து, நீங்கள் திரையைப் பார்த்தபடி பேச்சற்று உட்கார்ந்திருக்கும் நேரத்தில், மூலையில் மணியடித்து ஒரு கோப்பையை நீட்டுகிறார். அந்த மணியோசையைப் பொறுத்துக்கொள்ள நாம் எப்படிப் பழகினோம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எண்ணத் தொடங்கினால் கண் பார்ப்பதே மாறிவிடுகிறது. 2017-இல் வந்த செல்டா விளையாட்டான பிரெத் ஆஃப் தி வைல்டில், மலையுச்சியில் கிடக்கும் ஒரு கல்லைத் தூக்கினால் இலை முகம் கொண்ட ஒரு சிறிய உருவம் வெளிப்பட்டு விதை ஒன்றைக் கையில் தரும். முதல் முறை அது நிகழும்போது உண்டாகும் களிப்புக்கு ஈடில்லை, இவ்வளவு தூரம் யாரும் ஏறிவர மாட்டார்கள் என்று நினைத்த இடத்தில் நமக்காக ஒருவர் காத்திருந்திருக்கிறார் என்ற களிப்பு அது. அப்படி மொத்தம் 900 விதைகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. விதைகளைக் கொடுத்தால் ஆயுதம் வைக்கும் பைகள் பெரிதாகும், ஆனால் அவற்றை முழுதாகப் பெருக்கிக்கொள்ள 441 போதும். வெறி பிடித்து 900-ஐயும் சேர்த்து முடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு, தங்க நிறத்தில் சுருண்டிருக்கும் சாணக்குவியலைப் போன்ற ஒரு பொருள். அதற்குப் பயன் ஏதும் இல்லை. செய்தவர்கள் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? அப்படியும் பட்டியலை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மலையுச்சியில் நின்று சூரியன் இறங்குவதைப் பாராமல் கல்லைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில காலம் நானும் அவர்களில் ஒருவன்தான், அதனால்தான் இவ்வளவு கோபம்.

நண்பர்களோடு உங்களுக்கு மனக்கசப்பு வந்ததும் இதனால்தான். நீங்கள் 94 என்ற எண்ணைக் கொண்டுபோய் அவர்கள் முன் வைத்தீர்கள். எண்ணை வைத்தால் எதிரில் இருப்பவர் அதைவிடப் பெரிய எண்ணை எடுத்து வைப்பார், அல்லது உங்கள் எண் செல்லாது என்பார். அந்த உலகத்தில் நீங்கள் பார்த்த ஒரு பாழடைந்த வீட்டைப் பற்றிப் பேசியிருந்தால், அது செல்லாது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இப்போது அந்த நோட்டு. எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே கன்ட்ரோலர்தான் இருந்தது, ஆனால் அதற்காக ஒரு நாளும் சண்டை வந்ததில்லை, ஏனென்றால் அக்கா அதைத் தொடவே மாட்டாள். "நீ நட, நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மடியில் நோட்டை விரித்துக்கொள்வாள். நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் அவள் ஒரு கட்டம் வரைவாள். திறந்த கதவுக்குக் கோட்டில் ஓர் இடைவெளி, பூட்டிய கதவுக்குச் சிவப்புப் பென்சில், நான் விழுந்து செத்த இடங்களுக்குச் சிறிய முட்டை. நான் அவசரப்பட்டு ஓடினால் முழங்காலால் என் தோளில் இடிப்பாள். சூப்பர் மாரியோவை ஆடிக்கொண்டிருந்த ஒரு மாலையில், நிறுத்து என்றாள். "மேகமும் புதரும் ஒரே படம்டா. வெள்ளை அடிச்சா மேகம், பச்சை அடிச்சா புதர்" என்றாள். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். முதலிலிருந்து தொடங்கி, ஒரு புதருக்கு முன்னால் நின்று, தலைக்கு மேலே மிதந்த மேகத்தை அண்ணாந்து பார்த்தேன். ஒரே வளைவுகள். 1985-இல் வந்த அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது என்றும், இடத்தை மிச்சப்படுத்த ஒரே வடிவத்துக்கு இரண்டு நிறம் தீட்டினார்கள் என்றும் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். அந்தப் புதரைக் கடந்து நான் நூற்றுக்கணக்கான முறை ஓடியிருக்கிறேன். கண்டுபிடித்தவள் கன்ட்ரோலரைத் தொடாதவள்.

அவள் வரைபடம் போட்டது வேறொரு விளையாட்டுக்கு. அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜ்களில், அதாவது இயந்திரத்தில் செருகும் விளையாட்டுப் பெட்டிகளில், எதுவரை ஆடினோம் என்பதை நினைவில் வைத்திருக்க உள்ளே காசு வடிவில் ஒரு சிறிய பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேவ் செய்ததெல்லாம் போய்விடும். எங்களுடையது ஒரு நாள் தீர்ந்தது. நான்கு மாத உழைப்பு. நான் அழுது தீர்த்தேன். அக்கா அன்று இரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வாசலில் விரலை வைத்து, "இங்கே இடது பக்கம், வௌவால் வரும், குனி" என்று ஆரம்பித்தாள். விளக்கை அணைத்த பிறகும் பாதி தூரம் மனப்பாடமாகச் சொன்னாள். மறுபடி அந்த விளையாட்டைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இருக்கவில்லை. இன்று கணக்கெடுத்தால் அதில் நாங்கள் முடித்தது பூஜ்யம் சதவீதம். அக்கா ஆடியதாக எந்த இயந்திரத்திலும் பதிவில்லை. இதைச் சொன்னால் உங்கள் நண்பர்கள் என்னை அடிக்கவே வருவார்கள்: எங்கள் வீட்டில் வீடியோ கேம் ஆடியவள் அவள்தான். நான் அவளுடைய கட்டைவிரல்.

பெட்டியில் கிடைத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், சிவப்புப் பென்சிலால் அடைத்த ஒரு கதவுக்குப் பக்கத்தில் 'தண்ணீர்ச் சத்தம்' என்று அவள் கையெழுத்தில் இருக்கிறது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பி, இந்தக் கதவைக் கடைசிவரை நாம் திறக்கவே இல்லையே என்று கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "அது கதவு இல்லடா, ஜன்னல். நீதான் கதவுன்னு நெனச்சு முட்டிக்கிட்டே இருந்தே."

அந்த 212 விளையாட்டுகளில் எதை அடுத்து ஆடுவது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எண்ணாகத்தான் எழுத வரும் என்றால் இந்த ஒரே ஒரு எண்ணை எழுதி அனுப்புங்கள்: அந்த உருவத்துக்கு எத்தனை கைகள்?